பெயர் ஒன்று, கருவி பல

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த பெரியோர்தம் உழைப்பின் அருமையை அறியாத தமிழ் மாணாக்கர் இலர். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்திருந்த டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஏட்டுப்பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கிச் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார்கள். பாட்டு ஒன்றேயாயினும் ஏடுதோறும் பாடம் வேறுபடும். பதிப்பாசிரியர் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து மூலத்தில் அமைப்பர். ஏனையவற்றை எறிந்துவிடாது, வேண்டுவோர் காணுமாறு குறிப்பில் வைப்பர். மூலத்தில் நிற்பது ஒன்று. கைவசம் இருப்பன பல. இவ்வழக்கத்தை அறிந்தோர்க்கு யான் ஈண்டுக் கூறப்புகும் பொருள் அயலாகத் தோன்றாது. அப்பொருள் யாதெனின், ஒரே கணிப்பொறியில் ஒரே பெயருடைய தொகுப்புக் கருவிகளின் பதிப்புக்கள் பலவற்றை நிறுவி வைத்துக்கொண்டு, வேண்டியபோது ஒன்றினின்று மற்றொன்றுக்கு மாறும் முறையாம்.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று சிலர் வினவக்கூடும். எம் துறையில், இருபது ஆண்டுகட்கு முன் பழைய மாணவர் ஒருவர் சி மொழியில் எழுதிவைத்த சொல்லடைவு நிரல் ஒன்று உளது. ஒரு நூலில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எவ்வெவ் வரியில் வருகின்றது என்பதை அஃது அகரவரிசையில் அமைத்துத் தரும். அந்நிரலை இயக்கிவந்த பழைய கணிப்பொறி பழுதுற்றமையால் மூலநிரல் மட்டும் எஞ்சியது. இவ்வாண்டு எம் வகுப்பினர் அதனைப் புதிய கணிப்பொறியில் தொகுக்க முயன்றபோது, திரை நிறையப் பிழைச்செய்திகளே வந்தன. நிரலில் ஓரெழுத்தும் மாறவில்லை. அதனைப் படிக்கும் கருவியே மாறியிருந்தது. ஒருவர் பல மாதம் உழைத்து ஆக்கியது, கருவி புதுப்பிக்கப்பட்ட காரணம் ஒன்றாலேயே பயனற்றுப்போவதாயின், நாம் இன்று எழுதுவனவும் நாளை அக்கதியையே அடையும். ஆதலின் இவ்வாராய்ச்சி நமக்கும் உரியதே.

கருவிகளின் வரிசை

மனிதர் எழுதும் மூலநிரலைப் பொறி நேரே அறியாது. கம்பைலர் எனப் பலரும் வழங்கும் தொகுப்பி, அதனை அசெம்ப்ளி என்னும் தாழ்நிலை மொழியாக மாற்றும். அசெம்ப்ளர் அதனைப் பொறிமொழித் துண்டுகளாக்கும். இணைப்பி என்னும் லிங்கர் அத்துண்டுகளையும், ஏற்கெனவே ஆக்கி வைக்கப்பட்ட பொது நூலகங்களையும் ஒன்றுசேர்த்து, இயங்கக்கூடிய ஒரு கோப்பாக அமைக்கும். ஒன்று முடித்த வேலையை மற்றொன்று ஏற்று நடத்துதலின், இவற்றைச் சேர்த்துக் கருவிச்சங்கிலி என்பர்.

லினக்ஸ் கணிப்பொறிகளிற் பெரிதும் வழங்கும் தொகுப்பி ஜிசிசி என்பது. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் இதனை 1987ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிட்டார். அசெம்ப்ளரும் இணைப்பியும், துண்டுகளைக் கட்டிவைத்தல், ஆராய்தல் முதலியவற்றிற்குரிய சிறு கருவிகளும் பின்யூட்டில்ஸ் என்னும் வேறொரு தொகுதியில் உள்ளன. தொகுப்பி ஒரு தொகுதி, ஏனைய கருவிகள் மற்றொரு தொகுதி என்னும் இப்பிரிவை நினைவில் வைத்தல் வேண்டும். ஒன்றைப் புதுப்பித்து மற்றொன்றைப் பழையதாகவே விட்டுவிடுவதால் விளையும் இடர்களைப் பின்னர்க் காண்போம்.

பதிப்புக்கள் வேறுபடும் வகை

தொல்காப்பியர் காலத்து வழக்கிற்கும் பவணந்தியார் காலத்து வழக்கிற்கும் வேற்றுமை உண்டு. அங்ஙனமே சி மொழிக்கும் 1989, 1999, 2011 முதலிய ஆண்டுகளில் இலக்கணங்கள் வகுக்கப்பட்டன. அண்மையிலுள்ளது 2024இல் வெளிவந்தது. தொகுப்பியின் ஒவ்வொரு பதிப்பும், நாம் ஒன்றும் குறிப்பிடாதபோது, இவற்றுள் ஏதேனும் ஓர் இலக்கணத்தைத் தானே மேற்கொள்ளும். 2015இல் வந்த ஜிசிசி 5ஆம் பதிப்பு, அதுகாறும் கொண்டிருந்த 1989ஆம் ஆண்டின் இலக்கணத்தை விடுத்து 2011ஆம் ஆண்டினதை மேற்கொண்டது. 2025இல் வந்த 15ஆம் பதிப்பு மிகப் புதிய இலக்கணத்தையே மேற்கொண்டுள்ளது.

இலக்கணம் மாறாவிடினும் கண்டிப்பு மாறுவதுண்டு. எம் சொல்லடைவு நிரலில் மூன்று பழைய வழக்கங்கள் காணப்பட்டன. முதலாவது, செயற்கூறு ஒன்று எவ்வகை விடை தரும் என்பதைக் கூறாது விடுதல். அங்ஙனம் விட்டால் பழைய தொகுப்பி அதனை முழுஎண் என்று தானே கொள்ளும். இரண்டாவது, ஒரு செயற்கூற்றை முன்னர் அறிவியாமலே அழைத்தல். மூன்றாவது, பொது மாறி ஒன்றைத் தலைப்புக்கோப்பில் வரையறுத்து, அக்கோப்பைப் பல இடங்களிற் சேர்த்துக்கொள்ளுதல். இவற்றுள் மூன்றாவதை 2020இல் வந்த 10ஆம் பதிப்பு ஏலாதாயிற்று. ஒரே பெயர் பலகால் வரையறுக்கப்பட்டதென இணைப்பி கூறி நிற்கும். முதலிரண்டையும் அதுவரை எச்சரிக்கையோடு ஏற்றுவந்த நிலை மாறி, 2024இல் வந்த 14ஆம் பதிப்பில் அவை பிழைகளாகவே கொள்ளப்பட்டன. ஆகவே ஒரே நிரலை 9ஆம் பதிப்பு ஏற்கும். 12ஆம் பதிப்பு ஒருபகுதி கடியும். 14ஆம் பதிப்பு முற்றும் மறுக்கும். டெபியன் லினக்ஸின் 12ஆம் வெளியீட்டில் இயல்பாக அமைந்த தொகுப்பி ஜிசிசி 12. 13ஆம் வெளியீட்டில் அமைந்தது ஜிசிசி 14. கணிப்பொறியைப் புதுப்பித்த அன்றே பழைய நிரல் தொகுபடாது நின்ற காரணம் இதனாற் புலனாகும்.

பெயரும் சுட்டும்

ஒரே பெயரால் அழைக்கும்போது பல பதிப்புக்களுள் எது வந்து நிற்கும்? இதன் விடையிலேயே மாற்றும் முறை முழுதும் அடங்கியுள்ளது. ஒவ்வொரு பதிப்பும் தன் எண்ணோடு கூடிய பெயராலேயே நிறுவப்படுகின்றது: ஜிசிசி-12, ஜிசிசி-13, ஜிசிசி-14 என்றவாறு. எண்ணில்லாத ஜிசிசி என்னும் பெயர் தனியே ஒரு கருவியன்று. எண்ணுடைய ஏதேனும் ஒன்றைக் காட்டி நிற்கும் சுட்டேயாகும். சுட்டை மாற்றினால் கருவி அழிவதுமில்லை, புதிதாகத் தோன்றுவதுமில்லை. பெயர் காட்டும் இடம் மட்டுமே மாறுகின்றது.

டெபியனில் இச்சுட்டுக்களை ஒழுங்காகப் பேணுதற்கு அப்டேட்-ஆல்ட்டர்நேட்டிவ்ஸ் என்னும் கட்டளை உளது. பொதுப்பெயர் ஒன்றை முதலில் ஓர் இடைச்சுட்டிற்கு அனுப்பி, அங்கிருந்து உண்மைக் கருவிக்கு அனுப்புவது அதன் அமைப்பு. ஒவ்வொரு கருவியையும் பதிவு செய்யும்போது ஒரு முன்னுரிமை எண் கொடுக்கப்படும். தானியங்கு நிலையில், மிக்க எண்ணுடையது தானே முன்னிற்கும். நாம் ஒன்றைக் கையால் தெரிந்தெடுத்தால் நிலை கைமுறையாக மாறும். பின்னர்ப் புதிய கருவி வந்து சேரினும் நம் தேர்வு மாறாது. மீண்டும் தானியங்கு நிலைக்குத் திரும்பவும் வழியுண்டு. முதன்மைக் கருவியோடு அதன் துணைப்பெயர்களையும் கையேட்டுப் பக்கங்களையும் தொடராகப் பிணைத்துவிட்டால், தலைமை மாறும்போது அவையும் உடன் மாறும்.

இங்கே ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. சிசி என்னும் பொதுப்பெயரை டெபியன் இம்முறையில் வைத்துள்ளது. ஜிசிசி என்னும் பெயரை அங்ஙனம் வைக்கவில்லை. அது ஜிசிசி என்னும் தொகுதியாலேயே நேரே அமைக்கப்படும் சுட்டு. அதனை நாமாக வலிந்து மாற்றினால், அடுத்த புதுப்பிப்பின்போது தொகுதி தன் சுட்டைத் திரும்ப நாட்ட முற்படும். நம் ஏற்பாடும் அதன் ஏற்பாடும் முரணும்.

தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம் பெற்றிருந்தது. பாஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டதாதலின், இக்கட்டளை அதற்கும் உரியது. அம்மடிக்கணினியை இன்னும் வைத்திருப்போர் இதனைத் தம் வீட்டிலேயே பயின்று பார்க்கலாம்.

தலைமதகும் வயல்மடையும்

மாற்றும் முறை ஒன்றன்று. எங்கே நின்று மாற்றுகின்றோம் என்பதைப் பொறுத்து அது மூவகைப்படும். நம் நாட்டு நீர்ப்பாய்ச்சல் இதற்குத் தக்க உவமையாம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் பிரிகின்றது. அங்குள்ள மதகை ஏற்றி இறக்கினால் கடைமடை வரையுள்ள ஊர்கள் எல்லாவற்றிலும் அதன் பயன் தெரியும். அதற்குக் கீழே கிளை வாய்க்கால்களின் மதகுகள் உள்ளன. எல்லாவற்றிற்கும் கீழே, உழவர் தம் வயலுக்கு மண்வெட்டியால் திறக்கும் மடை உள்ளது. தம் ஒரு வயலுக்கு நீர் வேண்டுவோர் கல்லணை மதகைத் திருகச் செல்லார்.

கணிப்பொறி முழுமைக்கும் சுட்டை மாற்றுதல் தலைமதகைத் திருகுதல் போன்றது. அதற்கு நிருவாகியின் உரிமை வேண்டும். பொது ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறியில் ஒருவர் தம் பழைய நிரலின் பொருட்டு இதனைச் செய்துவிட்டால், அடுத்த வேளையில் அதே கணிப்பொறிக்கு வருபவர், தம் நிரல் நேற்றுத் தொகுபட்டு இன்று தொகுபடாத காரணம் அறியாது மயங்குவார். அவர் நிரலிலும் ஓரெழுத்து மாறியிராது.

ஒருவர் தம் அமர்வில் மட்டும் மாற்றுதல் கிளை வாய்க்காலின் மதகைத் திறத்தல் போன்றது. கட்டளைகளை எந்த எந்த அடைவில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதைப் பாத் என்னும் சூழல்மாறி கூறும். அதன் முன்னே வேறோர் அடைவைச் சேர்த்தால், அவ்வமர்வு முடியும்வரை அங்குள்ள பதிப்பே முந்தும். ரெட் ஹாட் லினக்ஸில் ஜிசிசி-டூல்செட் என்னும் தொகுதிகள் தனி அடைவில் நிறுவப்பட்டு, ஒரு கட்டளையால் தமக்குரிய அமர்வைத் திறந்து தருவது இம்முறையே. பலர் ஒருங்கே பயன்படுத்தும் மீக்கணினிகளில், 1991ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் மாட்யூல்ஸ் என்னும் ஏற்பாடு இதே பணியைச் செய்கின்றது. நம் பகுதிக்கு அண்மையில், திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் 838 டெராஃபிளாப் ஆற்றலுடைய மீக்கணினி ஒன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பெயர் பரம் பொருள். பெயரிட்டோர் தமிழறிந்தோர் என்பதில் ஐயமில்லை. இத்தகைய பொறிகளில் பயன்படுத்துவோர் ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டிய தொகுப்பியைத் தத்தம் அமர்வில் ஏற்றிக்கொள்வரேயன்றி, பொதுவிற் கைவைப்பதில்லை.

ஒரு நிரலுக்கு மட்டும் மாற்றுதல் வயல்மடை போன்றது. மேக் என்னும் கட்டளை சிசி என்னும் மாறியைப் பார்த்தே தொகுப்பியை அழைக்கின்றது. அம்மாறிக்கு ஜிசிசி-12 என்னும் முழுப்பெயரை அக்கட்டளை வரியிலேயே கொடுத்துவிட்டால், அந்நிரல் மட்டும் அப்பதிப்பாற் தொகுபடும். வேறெவர்க்கும் ஒன்றும் மாறாது. நிருவாகியின் உரிமையும் வேண்டா. நம் போன்ற மாணாக்கர்க்குப் பெரும்பாலும் இதுவே போதும். இது போதாதவிடத்து இரண்டாவதையும், அதுவும் போதாதவிடத்துப் பிறர் இசைவு பெற்று முதலாவதையும் நாடுதல் முறை.

இனம் இனத்தோடு சேர்தல்

சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் மாற்றினால் அடுத்த கண்ணி பொருந்துமா என்று பார்த்தல் வேண்டும். 2021இல் வந்த ஜிசிசி 11, பிழைநாடும் குறிப்புக்களை டுவார்ஃப் 5 என்னும் புதிய வடிவில் இயல்பாக எழுதத் தொடங்கியது. பழைய பின்யூட்டில்ஸ் அவ்வடிவை நன்கு படிக்கமாட்டாது. 2015இல் ஜிசிசி 5 வந்தபோது, சி பிளஸ் பிளஸ் மொழியின் சரங்கள் நினைவகத்தில் அமையும் வடிவே மாறியது. அதனால் பழைய தொகுப்பியால் ஆக்கிய நூலகங்கள் பல, புதியதால் ஆக்கிய நிரல்களோடு இணையாது நின்றன. எனவே தொகுப்பியை மாற்றுவோர், அது எந்த அசெம்ப்ளரையும் இணைப்பியையும் அழைக்கின்றது என்பதையும் வினவி அறிதல் வேண்டும். ஜிசிசி தனக்குரிய அடைவுகளை முதலில் தேடுமாதலின், பாத் மாறியை மாற்றியதனால் மட்டும் இணைப்பி மாறிவிட்டது என்று கொள்ளலாகாது. ஜென்டூ லினக்ஸில் தொகுப்பியை மாற்ற ஜிசிசி-கான்ஃபிக் என்றும், ஏனைய கருவிகளை மாற்றப் பின்யூட்டில்ஸ்-கான்ஃபிக் என்றும் இரு கட்டளைகள் தனித்தனியே உள்ளமையும் இது பற்றியே.

மாற்றலாகாத பொருளும் ஒன்றுண்டு. கிளிப்சி என்னும் அடிப்படை நூலகத்தின் மேலேயே லினக்ஸின் பெரும்பாலான நிரல்கள் இயங்குகின்றன. தொகுப்பியை மாற்றுவதுபோல அதனையும் மாற்ற முயன்றால், பிழையைத் திருத்துதற்கு வேண்டிய கட்டளைகளே இயங்காது போகலாம். பழைய கிளிப்சி வேண்டுமாயின், கன்டெய்னர் எனப்படும் தனிக்கூட்டினுள் பழைய வெளியீடு முழுவதையும் நிறுவி, அதனுள் இருந்து தொகுத்தலே பாதுகாப்பான நெறி.

செய்முறை

எம் சொல்லடைவு நிரலுக்கு நேர்ந்ததைக் கூறினால் இம்முறைகளின் பயனும் எல்லையும் விளங்கும். முதலில், 14ஆம் பதிப்பை அகற்றாமலே 12ஆம் பதிப்பையும் உடன் நிறுவச் செய்தோம். பின்னர்ச் சிசி மாறியின் வாயிலாக அந்நிரலுக்கு மட்டும் 12ஐக் கொடுத்தோம். முதலிரு வகைப் பிழைகளும் எச்சரிக்கைகளாகத் தணிந்தன, மூன்றாவது நீங்கவில்லை. அப்பழைய வழக்கம் முன்னரே 10ஆம் பதிப்பில் விலக்கப்பட்டதாதலின், எஃப்-காமன் என்னும் விருப்பத்தேர்வைச் சேர்த்தோம், நிரல் தொகுபட்டது. 14ஆம் பதிப்பிற்கே 1989ஆம் ஆண்டின் இலக்கணத்தைக் கொள்ளுமாறு கட்டளையிட்டு, அதே விருப்பத்தேர்வையும் கொடுத்தபோது, அதனாலும் தொகுபட்டது. இலக்கணத்தின் பதிப்பு வேறு, கருவியின் பதிப்பு வேறு. முன்னதை மாற்றினால் போதுமாயிருக்கப் பின்னதை மாற்ற வேண்டுவதில்லை.

ஆயினும் தொகுபட்ட நிரலை இயக்கியவுடன் அது பாதியிலே விழுந்தது. 12ஆம் பதிப்பு விடுத்த எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் படித்தபோது காரணம் புலப்பட்டது. நினைவக முகவரி ஒன்றை விடையாகத் தரும் செயற்கூறு, முன்னர் அறிவிக்கப்படாமலே அழைக்கப்பட்டிருந்தது. அறிவிப்பில்லாமையால் தொகுப்பி அவ்விடையை முழுஎண் என்று கொண்டது. அந்நிரல் பிறந்த பழைய பொறியில் முழுஎண்ணும் முகவரியும் 32 பிட் அளவினவாதலின் தீங்கு நேரவில்லை. இன்றைய பொறியில் முகவரி 64 பிட். முழுஎண்ணோ 32 பிட்டே. முகவரியின் பாதி வெட்டுண்டு போயிற்று. 14ஆம் பதிப்பு அதனைப் பிழை என்று மறுத்தது வன்கண்மையன்று. வரவிருந்த வீழ்ச்சியை முன்னறிந்து தடுத்ததேயாகும். செயற்கூறுகளை முறைப்படி அறிவித்து, விடைவகைகளைக் குறித்து, பொது மாறியை ஒரே கோப்பில் வரையறுத்தபின், அந்நிரல் எவ்வித விருப்பத்தேர்வுமின்றி இரு பதிப்புக்களாலும் தொகுபட்டது. இரண்டினின்றும் வந்த சொல்லடைவுகளை வரிக்கு வரி ஒப்பிட்டோம்; வேற்றுமையில்லை.

இம்முயற்சியினின்று, பிறர்க்கும் பயன்படுமாறு, நான்கு விதிகளைத் தொகுத்துக் கூறலாம்.

1. மாற்றுதற்கு முன், இப்போது எந்தப் பதிப்பு விடை கூறுகின்றது என்பதைக் கருவியையே வினவி அறிக. பெயரைக் கண்டு பதிப்பைத் துணியற்க.

2. மாற்றியபின் மறுமுறையும் வினவுக. பாஷ் என்னும் ஷெல், கட்டளையின் பழைய இடத்தை நினைவில் வைத்திருப்பதுண்டு; அதனை மறக்கச் செய்யும் ஹேஷ் கட்டளையை இடுக, அல்லது புதிய அமர்வைத் திறக்க.

3. முன்னர் ஆக்கிய துண்டுக்கோப்புக்களை எல்லாம் நீக்கிவிட்டுத் தொகுக்க. மேக் கோப்புக்களின் காலத்தையே நோக்கும். தொகுப்பி மாறியதை அஃது அறியாது. நீக்காவிடின் பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு கலவை உண்டாகும். சிமேக் பயன்படுத்துவோர் அதன் ஆக்க அடைவையே புதிதாகத் தொடங்குதல் நன்று. முதலிற் கண்ட தொகுப்பியையே அது குறித்து வைத்துக்கொள்ளும்.

4. பழைய பதிப்பைச் சான்றாகக் கொள்க. புதியதைத் திருத்துவோனாகக் கொள்க. நிரல் அன்று என்ன செய்தது என்பதைப் பழையது காட்டும். எங்கே மறைந்த குறை உளது என்பதைப் புதியது காட்டும். இரண்டனுள் ஒன்றை மட்டும் வைத்திருப்போர் பாதி உண்மையையே அறிவர்.

முடிவுரை

பழமை போற்றத்தக்கது என்று பழைய கருவியிலேயே நின்றுவிடுதலும், புதுமை சிறந்தது என்று பழையதைக் களைந்து எறிதலும் ஆகிய இரண்டும் நிரலைக் காவா. இரண்டையும் அருகருகே நிறுவி, வேண்டும் அளவிற்கு, வேண்டும் இடத்தில் மட்டும் மாற்றுதலே காக்கும் நெறி. கல்லூரியின் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. தங்கள் கையில் உள்ள பழைய மூலநிரல்களை அழித்துவிட வேண்டா. எந்த ஆண்டில், எந்தப் பொறியில், எந்தத் தொகுப்பியின் எத்தனையாவது பதிப்பால் அவை தொகுக்கப்பட்டன என்பதை மட்டும் நினைவிற் கொண்டு எழுதியனுப்பினால் பேருதவியாம். எம் சொல்லடைவு நிரலின் முதல் வரிகளில் அக்குறிப்பு இல்லாமையாலேயே எமக்கு மூன்று வாரம் சென்றது. இப்போது அதன் தலைப்பில் நான்கு வரிகள் சேர்த்துள்ளோம்: தொகுப்பியின் பெயர், அதன் பதிப்பெண், மேற்கொண்ட இலக்கணம், தொகுத்த நாள். இன்னும் இருபதாண்டு கழித்து நம் பெயரும் அறியாத மாணாக்கர் ஒருவர் அக்கோப்பைத் திறக்கும்போது, அந்நான்கு வரிகள் அவருக்கு அந்த மூன்று வாரத்தை மிச்சப்படுத்தும்.